ஆழப்பக்கத்து மூடி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பீஸ்லி வீட்டுக் குளத்தின் தண்ணீர் பச்சையாக இல்லை. அன்றைக்கு நல்ல செய்தி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் தங்கையும் போட்டுக்கொண்ட பந்தயம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு வருடமாகப் பாசி பிடித்துக் கிடக்கும் நீச்சல் குளத்தை மண் போட்டு மூடிவிட வேண்டும் என்கிறான் க்ளென். கொசு, தேரை, கைத்தடியோடு நடக்கும் அம்மா என்று அவனிடம் நியாயம் நிறைய இருக்கிறது. கூடவே கூடாது என்கிறாள் நரெல். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் ஆழப்பக்கத்து அடியில் இருக்கும் வடிகால் துளையின் வட்ட மூடி, கரையில் நின்று பார்த்தால் தெரிய வேண்டும். தெரிந்தால் குளம் பிழைத்தது. தெரியாவிட்டால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மண் லாரி வரும்.

மூடியை அவர்கள் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அப்பா மெர்வின் காலத்துச் சட்டம் அது.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் தினமும் காலையில் டீக் கோப்பையோடு கரையில் நின்று குனிந்து பார்ப்பார். மூடி தெரிந்தால், தெருக்கோடி வரை கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பார்.

"மூடி தெரியுது."

அவ்வளவுதான். பக்கவாட்டு கேட் கிறீச்சிடும். தோளில் துண்டோடு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கு நாற்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் நீந்தப் பழகியது அங்கேதான். மூடி தெரியாத நாளில் அவர் பெற்ற பிள்ளைகளே தண்ணீரில் கால் வைக்க முடியாது.

நரெல் இப்போது அதே இடத்தில் நின்று குனிந்து பார்த்தாள். எதுவும் தெரியவில்லை.

நாலு நாள் உழைப்பு. திங்கட்கிழமை, மக்கிப்போன மயில்கொன்றை இலைகளை வலைவலையாக அள்ளிக் கொட்டினாள். தலைப்பிரட்டைகள் வாளி வாளியாக வந்தன. அப்புறம் ஆசிட். ஒவ்வொரு சாயங்காலமும் வெயில் இறங்கிய பிறகு குளோரின். பகலில் ஊற்றினால் நம் பிரிஸ்பேன் வெயில் அதைக் குடித்துவிடும். போதாக்குறைக்குப் போன வாரமே பிடித்த மழை வேறு, ஒன்பது நாள் விட்டு விட்டுப் பெய்து நேற்றுத்தான் ஓய்ந்தது. அத்தனைக்கும் பலனாகத் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து வெளுத்து, இப்போது நீர்மோர் போல நின்றது.

"என்ன, பால் ஊத்திட்டியா?"

அம்மா லோர்னா கைத்தடியை ஊன்றிக்கொண்டு மரத்தளத்தில் நின்றாள். எழுபத்தொன்பது வயது. செப்டம்பரில் இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது. தண்ணீருக்குள் நின்று கால் வீசிப் பழகினால்தான் பழைய நடை வரும் என்று ஆஸ்பத்திரிப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"ஊர்ப் பொதுக் குளத்துக்குப் போலாம்னா வரமாட்டேங்கற. அதான் வீட்லயே பண்றேன்," என்றாள் நரெல்.

"கண்டவன் கழுவின தண்ணியில நான் எதுக்கு இறங்கணும்? எனக்குன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணி வரைக்கும்."

லோர்னா கண்களை இடுக்கிக் குளத்தையே பார்த்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குளம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத்தான் வெளிச்சம்.

நரெலுக்கு அம்மாவின் கால் மட்டும் காரணம் இல்லை. இன்னொன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருடம் முன்பு அப்பா போனபோது அவள் தொலைதூரச் சுரங்க ஊரான மௌன்ட் ஐசாவில் இருந்தாள். வெள்ளம் வந்து சாலையெல்லாம் முழுகி, விமானமும் இல்லாமல், அப்பாவின் அடக்கத்தை அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் கேட்டாள். பாதிரியார் பேச்சில் பாதி காற்றோடு போயிற்று. அப்பாவுக்கென்று அவள் கையால் செய்தது ஒன்றுமே இல்லை. இந்தக் குளம்தான் மிச்சம்.

*

ஒன்பது மணிக்கு, முழங்கை ஆழத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை மொண்டுகொண்டு குளச்சாமான் கடைக்குப் போனாள். கையில் ஆளுக்கொரு பாட்டிலோடு அங்கே ஒரு வரிசையே நின்றது. மழை விட்ட மறுநாள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே வியாதி.

கடைப் பெண் பாட்டிலை மெஷினில் வைத்தாள். காகிதம் வந்தது.

"பாசி எல்லாம் செத்துடுச்சுங்க. நல்லாவே கொன்னிருக்கீங்க."

"அப்புறம் ஏன் தெளியல?"

"இப்ப மிதக்கறது அதோட பொணம். இந்தப் பவுடரைப் போட்டு மோட்டாரை நிறுத்திடுங்க. எல்லாம் அடியில போய் உக்காரும். உறிஞ்சி வெளிய தள்ளிடுங்க. ஞாயித்துக்கிழமை குதிக்கலாம்."

"எனக்கு இன்னிக்கு சாயங்காலம் தெளியணும்."

கடைப் பெண் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "தண்ணிக்கு அது தெரியாதே," என்றாள்.

பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்தபோதுதான் நரெலுக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் அது ரொம்பப் புத்திசாலித்தனமாகவும் தெரிந்தது. அழுக்குத் தண்ணீரை எதற்குக் கெஞ்ச வேண்டும்? மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தால் முடிந்தது. ஐசாவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அங்கே குளம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், பிள்ளைகள் உள்ளே இறங்கிப் பந்து விளையாடும்.

ஐசாவின் தரை பாறை. மழை என்பதே விருந்தாளி. இருபத்தெட்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டவளுக்கு, பிரிஸ்பேன் களிமண் ஒன்பது நாள் மழைக்கு அப்புறம் என்ன செய்யும் என்பது மறந்தே போய்விட்டது.

வாடகைக் கடையில் ஒரு நீர்மூழ்கி மோட்டாரை எடுத்து வந்தாள். பத்தரைக்கு அது ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. மண்ணில் பதித்த ஃபைபர் தொட்டியின் நீலச் சுவர் பல வருடத்துக்குப் பிறகு வெயிலைப் பார்த்தது.

நரெல் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதில், இந்தத் தொட்டி கிரேனில் தொங்கி வீட்டுக் கூரைக்கு மேல் பறந்து வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தெருவே வாயைப் பிளந்து நின்றது. அப்பா மட்டும் கீழே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஏதோ தவறி விழுந்தால் தானே பிடித்துவிடுவது போல நின்றார்.

"அம்மா, பாரு. அதே நீலம்."

"சாப்பிட வா," என்றாள் லோர்னா. "மத்தியானத்துக்கு மாட்டிறைச்சி சாண்ட்விச். கடுகு நிறையப் போட்டிருக்கேன்."

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள். வெளியே ஒரு சத்தம் கேட்டது. பெரிய மரக்கதவை யாரோ மெதுவாகத் திறப்பது போல நீளமான ஒரு முனகல்.

*

க்ளென் காலை ஷிப்ட் முடித்து வந்துகொண்டிருந்தான். நகராட்சி பஸ் ஓட்டுகிறான். மண முறிவுக்குப் பிறகு அம்மாவோடு வந்து தங்கிப் பதினோரு வருடம். சாப்பாட்டுப் பையோடு பக்கவாட்டு கேட்டைத் திறந்தவன், புல்லில் பாம்பு மாதிரி கிடந்த குழாயையும் அதிலிருந்து கொட்டும் தண்ணீரையும் பார்த்தான்.

பையைப் போட்டுவிட்டு ஓடினான். ஐம்பத்துநாலு வயசு உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

நரெல் வெளியே வந்தபோது அவன் மோட்டார் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தான்.

"யாரு இதைப் போட்டது?"

"நான்தான். நீ என்ன, தோத்துடுவோம்னு பயந்து—"

"வாயை மூடிட்டு அங்க பாரு."

ஆழப்பக்கத்துக் கரையில் பதித்திருந்த கல் வரிசை ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கறுப்பாக ஒரு வாய் திறந்து கிடந்தது.

"கீழ மண்ணு முழுக்கத் தண்ணி நிக்குது, நரெல். உள்ள இருக்கிற தண்ணியோட கனம்தான் தொட்டியை அமுக்கிப் பிடிச்சிருக்கு. காலி பண்ணினா படகு மாதிரி மேல வந்துடும். மூணாம் வீட்டுக்காரங்களோடது அப்படித்தான் ஒரு மழையில எந்திரிச்சு நின்னுச்சு. அவங்க வேலிக்கு மேல தெரிஞ்சுது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியும்? நீ அப்ப இங்க இல்லையே. நீ எப்ப இங்க இருந்த?"

அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஆனால் க்ளென் அதைப் பார்க்க நிற்கவில்லை. தோட்டக் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் போட்டான். வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"டேரல். ஏ டேரல். உன் குழாயை இந்தப் பக்கம் போடு. ரெண்டு இருந்தா ரெண்டையும் போடு."

வேலிக்கு மேல் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. பக்கத்து வீட்டு டேரல், க்ளெனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். தேரைச் சத்தம் தூங்க விடவில்லை என்று நாலு வருடமாகப் புகார் சொல்பவனும் அவன்தான்.

"என்னடா, மூடப் போறேன்னு சொன்ன, இப்ப ரொப்பச் சொல்ற?"

"கேள்வி அப்புறம். குழாய் முதல்ல."

டேரல் இரண்டு குழாய்களைத் தூக்கிப் போட்டான். அடுத்த வீட்டில் கேட்டு இன்னொன்றையும் இழுத்து வந்தான். நாலு குழாய் சேர்ந்து தொட்டிக்குள் கொட்ட, அண்ணனும் தங்கையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்கள். பிடிக்காமல் விட்டாலும் தண்ணீர் கொட்டத்தான் செய்யும். ஆனால் எழுந்து போக இரண்டு பேருக்கும் மனசில்லை.

*

ஒரு மணி நேரம் போனது. முனகல் இன்னொரு முறை கேட்டு, அப்புறம் அடங்கியது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் நரெல். "நாளைக்கு மண்ணைக் கொட்டி மூடப்போற தொட்டி. உடைஞ்சா உடையட்டும்னு விட்டிருக்கலாமே. நீ ஏன் ஓடி வந்த?"

க்ளென் குழாயின் வாயை விரலால் அழுத்தினான். தண்ணீர் விசிறியாகத் தெறித்தது. சின்ன வயதில் அவள் முகத்தில் அடிக்க அவன் செய்கிற வேலை அது. இப்போது சும்மா செய்தான்.

"அந்தக் கடைசி வருஷம் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. உனக்குச் சொல்லியிருக்க மாட்டாரு."

"சொல்லல."

"சனிக்கிழமை வந்து அடிப்பக்கம் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுடான்னாரு. ஓவர்டைம் இருக்கு, அடுத்த வாரம்னு சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மூணாவது வாரம் அவர் கேக்கல."

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தானே வேலையில இறங்கிட்டாரு. நான் வேலை முடிஞ்சு வந்தப்ப மோட்டார் ஷெட் பக்கத்துல விழுந்து கிடந்தாரு. கையில பிரஷ். மோட்டார் ஓடிட்டே இருந்துச்சு, நரெல். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன், அதுபாட்டுக்கு ஓடுது. எல்லாரும் போனதுக்கப்புறம் நான்தான் போய் நிறுத்தினேன். அதுக்கு மேல அதைத் தொட என்னால முடியல."

"அதனாலதான் பாசி பிடிக்க விட்டியா."

"தினம் எந்திரிச்சு அதைப் பாக்கறேன். பச்சையாவுது. சரி, ஆவட்டும்னு தோணுது. எனக்கு நல்லா வேணும்னு தோணுது. திங்கட்கிழமை நீ மோட்டாரைப் போட்ட பாரு, அந்தச் சத்தம் கேட்டு நான் சட்டையை மாட்டிட்டு டிப்போவுக்குப் போயிட்டேன். எனக்கு அன்னிக்கு லீவு. ஏன்டா வந்தேன்னு கேக்கறானுங்க, பதில் சொல்லத் தெரியல."

நரெலுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் என்று அவளுக்கே தெரியாது.

"நான் அடக்கத்துக்கே வரல, க்ளென்."

"ரோடு முழுகிப் போச்சு. அது உன் தப்பா?"

"அப்பா இன்னொரு வாரம் பொறுத்திருந்தா நீ செஞ்சு குடுத்திருப்ப. அது மட்டும் உன் தப்பா?"

க்ளென் குழாயை மெதுவாக அவள் பக்கம் திருப்பி அவள் முகத்தில் பீச்சினான். ஐம்பது வயதுப் பெண்மணி முகத்தில். அவள் அவனை எப்படித் திட்டினாள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

மரத்தளத்திலிருந்து லோர்னா கத்தினாள். "ரெண்டு பேரும் சண்டை போடாம விளையாடுங்க. இல்லன்னா துண்டைத் தரமாட்டேன்."

*

ஆறரை மணிக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது.

கோடு என்பது லோர்னாவின் நகப்பூச்சு. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று காட்ட, மெர்வின் அந்தக் காலத்தில் அவள் சிவப்புப் பாட்டிலைத் திருடிக் கரை ஓரத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். அது இன்னும் மங்கவில்லை. நாலு குழாயையும் மூடினார்கள். எழும்பிய கல் வரிசை பாதி இறங்கியிருந்தது. மீதி இறங்கவில்லை.

புதுத் தண்ணீர் கலந்ததில் வெளுப்பு பாதி குறைந்திருந்தது. ஆனால் பாதிதான். ஆழமில்லாத பக்கத்தில் படிகள் மூன்று தெரிந்தன. ஆழப்பக்கம் போகப் போகத் தண்ணீர் தன்னையே போர்த்திக்கொண்டுவிட்டது. வானம் மாம்பழ நிறமாகி, வௌவால்கள் கிளம்பத் தொடங்கின.

நரெல் கரையோரம் மண்டி போட்டுக் குனிந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள். மூடி தெரியவில்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தெரியாது.

"சொன்னா சொன்னதுதான்," என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "நான் தோத்துட்டேன். நீயே பாரு."

க்ளென் அவள் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒரு கோப்பை டீ. எப்போது போட்டான் என்று தெரியவில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்தான். அப்படியே அப்பாவின் முதுகு.

ரொம்ப நேரம் பார்த்தான்.

"வட்டமா இருக்கு," என்றான். "சுத்தி ஆறு ஸ்க்ரூ. இடது ஓரத்துல இருக்கிறது மட்டும் பித்தளை. அம்மா தையல் மெஷின்ல இருந்து அப்பா கழட்டினது."

நரெல் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவன் கண் தண்ணீரில் இல்லை. மூடியிருந்தது.

"அந்த மெஷின் இன்னிக்கு வரைக்கும் ஆடுது," என்று பின்னாலிருந்து லோர்னா சொன்னாள். கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்து மகனுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இரண்டு கண்ணும் புரை விழுந்த அந்த அம்மாள், தண்ணீரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ஆமா. எனக்கும் தெரியுது. நல்லாத் தெரியுது."

க்ளென் நிமிர்ந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"மூடி தெரியுது."

அந்தக் குரல் வேலி தாண்டி, தெரு தாண்டிப் போனது. ஆறு வருடத்துக்கு அப்புறம் கேட்ட குரல். என் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நானே ஒரு கணம் மெர்வின் என்றுதான் நினைத்தேன். நரெல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். போனில் பாதி கேட்டதற்கெல்லாம் சேர்த்து அழுதாள்.

பக்கவாட்டு கேட் கிறீச்சிட்டது.

டேரல் நின்றான். தொப்பைக்குக் கீழே அரை நிஜார். தோளில் துண்டு.

"கூப்பிட்டீங்களே," என்றான். "மிஸஸ் பீஸ்லி, உள்ள வரலாமா?"

"காலைக் கழுவிட்டு வா," என்றாள் லோர்னா. நாற்பது வருடம் முன்பும் அவள் அவனிடம் அதையேதான் சொன்னாள்.

"இன்னிக்குக் கால் மட்டும்தான்," என்றான் க்ளென். "குதிக்கிறதெல்லாம் ஞாயித்துக்கிழமை. பவுடர் போடணும்." போனை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனான். "வணக்கம், நாளைக்கு மண்ணு வேண்டாம். ஆமா. இல்ல, தள்ளிப்போடல. வேண்டவே வேண்டாம்," என்று சொல்வது கேட்டது.

லோர்னாவை இரண்டு பக்கமும் பிடித்து முதல் படியில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் அவள் கெண்டைக்காலைத் தொட்டது. ஒரு காலை மெல்ல முன்னால் வீசினாள். அப்புறம் மறு கால். டேரல் பக்கத்தில் உட்கார்ந்து, தான் இந்தக் குளத்தில் எத்தனை முறை முழுகப் பார்த்தான் என்று கதை விட ஆரம்பித்தான். க்ளென் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டான். அவன் சிரிப்பதை நரெல் வந்த இந்த மூன்று மாதத்தில் இப்போதுதான் பார்க்கிறாள்.

நனைந்த குழாய்களைச் சுருட்ட அவள் ஆழப்பக்கம் போனாள். சுருட்டும்போது கண் தற்செயலாகக் கரை ஓரத்தில் விழுந்தது.

சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே இருந்தது.

குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரத்துக்கு முன்பு தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளே பார்த்தாள். இப்போது ஒரு விரல் கீழே. ஆறு கால்கள் உள்ளே கிடந்தும் ஒரு விரல் கீழே. இறங்காத அந்தக் கல் வரிசைக்கு அடியில், எங்கோ, ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

"நரெல், டீ வேணுமா?" என்று க்ளென் கூப்பிட்டான். அப்பா இறந்த நாளுக்குப் பிறகு அவன் முதுகை இவ்வளவு நிமிர்த்தி உட்கார்ந்ததில்லை என்று லோர்னா அப்புறம் என்னிடம் சொன்னாள்.

"ஒரு நிமிஷம். இதோ வரேன்."

அவள் சுருட்டிய குழாயில் ஒன்றை மறுபடி பிரித்தாள். அதன் வாயைச் சத்தம் வராதபடி தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். பிறகு சுவரோரம் போய், அவர்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்று, திருகை மிக மெதுவாக, கால் சுற்று மட்டும் திறந்துவிட்டாள்.